கடை சைக்கிளில் பெண்டு எடுக்கும் முறை



மண்டியிலிருந்து கடைக்கு மூட்டை வருவது இப்போது பெரும்பாலும் வேனிலும் மினி லாரியிலும்தான். ஆனாலும் கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்குச் சரக்கு போவதற்கு, சிற்றூர்களிலும் பழைய நகரங்களின் சந்துகளிலும் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை. அதற்குப் பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். என் மண்டியில் இன்றும் நான்கு சைக்கிள்கள் ஓடுகின்றன.

நம்மில் பலர் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். கல்லாப்பெட்டிக்கு எண்ணெய் விடுகிறோம். சைக்கிளை மட்டும் அது படுத்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம். செயின் கழன்று விழுகிறது, பெடல் ஆடுகிறது என்று ஊழியர் சொன்னால், "மெதுவாக ஓட்டு" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் பல்சக்கரமோ, கிராங்கோ, பெடல் அச்சோ வளைந்திருப்பதுதான். இதில் பாதியைக் கடை வாசலிலேயே அரை மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். மீதிப் பாதியைக் கையால் தொடவே கூடாது, மாற்றித்தான் ஆகவேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

எதனால் வளைகிறது?

இரும்புப் பாகம் ஓட்டுவதால் மட்டும் எளிதில் வளைவதில்லை. பெரும்பாலும் நிற்கும்போதுதான் வளைகிறது. கேரியரில் மூட்டையை வைத்துவிட்டு ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிறோம். தரை சரிவாக இருந்தால் சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுகிறது. சைக்கிளின் எடையோடு மூட்டையின் எடையும் சேர்ந்து பெடலின் மேல் இறங்குகிறது. பெடல் அச்சு, கிராங்க், பல்சக்கரம் மூன்றும் ஒரே அடியில் வளையலாம்.

இரண்டாவது காரணம், சைக்கிளை லாரியில் போட்டு அதன்மேல் சரக்கை அடுக்குவது. மூன்றாவது, தளர்ந்த செயின். அது பல்சக்கரத்துக்கும் கிராங்குக்கும் நடுவே விழுந்து சிக்கிக்கொள்ளும்போது, ஓட்டுபவர் அறியாமல் ஓங்கி மிதித்தால் பற்கள் ஒரு பக்கமாக மடங்கிவிடும்.

கருவிகள்

பெரிய செலவில்லை. ஒரு பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பெடல் கழற்றும் ஸ்பேனர், சுத்தியல், ஒன்றரை அடி நீளமுள்ள பழைய ஜி.ஐ. பைப் ஒன்று, கிராங்கின் கண் உட்காரும் அளவுக்குத் துண்டு பைப் ஒன்று, சாக்பீஸ், கொஞ்சம் கட்டுக்கம்பி, கிரீஸ், ஒரு சிறு காந்தம். இவை போதும். ஒரு பெட்டியில் போட்டுக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எடை குறைவதற்குத் தராசு காரணமா, படிக்கல் காரணமா என்று பார்த்த பிறகுதான் நாம் கை வைக்கிறோம். சைக்கிளுக்கும் அதே முறைதான். சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். செயின் லாக்கைக் கழற்றிச் செயினை எடுத்துவிடுங்கள். செயின் இருக்கும்வரை எந்தப் பாகத்தில் கோளாறு என்பது தெரியாது.

1. கிராங்கைக் கையால் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் அச்சின் கப் தளர்ந்திருக்கிறது. அதை முதலில் இறுக்குங்கள். தளர்ந்த கப்பால் வரும் ஆட்டம் பார்ப்பதற்குப் பல்சக்கரம் வளைந்தது போலவே தெரியும். ஒரு கிராங்க் மட்டும் ஆடினால் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது.

2. செயின் ஓடும் பக்கத்துப் போர்க் குழாயில் ஒரு கட்டுக்கம்பியைச் சுற்றி, அதன் முனை பற்களுக்கு அருகில் வரும்படி வளைத்து வையுங்கள். இப்போது கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். கம்பி முனைக்கும் பற்களுக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுவதும் ஒரே அளவாக இருந்தால் பல்சக்கரம் நேராக இருக்கிறது. நாலைந்து பற்கள் வரும் இடத்தில் மட்டும் மாறினால் அந்த இடம் மட்டும் வளைந்திருக்கிறது. ஒரு பாதி உள்ளேயும் மறு பாதி வெளியேயும் போனால் முழுச் சக்கரமும் சாய்ந்திருக்கிறது, அல்லது அச்சு வளைந்திருக்கிறது.

3. அச்சின்மேல் சந்தேகம் வந்தால் கிராங்கைக் கழற்றி, அச்சை மட்டும் விரலால் சுற்றிப் பாருங்கள். அச்சின் முனை ஓரிடத்தில் நின்று சுழல வேண்டும். முனை வட்டம் போட்டால் அச்சு வளைந்துவிட்டது.

4. சைக்கிளை நிமிர்த்திப் பெடலைப் பாருங்கள். கிராங்க் ஒரு சுற்று வருவதற்குள் பெடல் ஒரு முறை உள்பக்கமும் ஒரு முறை வெளிப்பக்கமும் சாய்ந்தால், பெடல் அச்சு அல்லது கிராங்க் வளைந்திருக்கிறது. ஓட்டுபவர் "கணுக்கால் வலிக்கிறது" என்று சொல்வது இதனால்தான். எது என்று அறிய, வேறு சைக்கிளின் நல்ல பெடலை அதே கிராங்கில் மாட்டிப் பாருங்கள். சாய்வு போய்விட்டால் குற்றம் பெடலில். போகாவிட்டால் குற்றம் கிராங்கில்.

பல்சக்கரத்தில் பெண்டு எடுத்தல்

நம் கடை சைக்கிள்களின் பல்சக்கரம் இரும்புத் தகட்டால் ஆனது. நல்ல இரும்பு, சூடு இல்லாமலேயே வளைந்து கொடுக்கும். ஆகவே நெருப்பு காட்ட வேண்டாம். சூடு காட்டினால் முலாம் போகும், தகடு மென்மையாகும், அடுத்த மாதமே மறுபடியும் வளையும்.

சாக்பீசைப் போர்க் குழாயில் ஊன்றி, அசையாமல் பற்களின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். பிதுங்கி நிற்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அதுதான் நாம் கை வைக்க வேண்டிய இடம்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயைத் தகட்டின் கனத்துக்குச் சரியாக இறுக்கி, பற்களுக்குக் கீழே தகட்டையே கவ்வும்படி ஆழமாக மாட்டுங்கள். பல் நுனியைக் கவ்வினால் பல் மட்டும் மடங்கும். மாட்டிய பிறகு மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் பின்வாங்கும்; அது இரும்பின் குணம். அதனால் நேராகும் இடத்தைச் சற்றுத் தாண்டித் தள்ள வேண்டும். ஒரே தடவையில் முழு வளைவையும் எடுக்க முயலாதீர்கள். கொஞ்சம் அழுத்துவது, சுற்றிப் பார்ப்பது, சாக்பீசால் மறுபடி கோடு போடுவது என்று நாலைந்து தடவை செய்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

எவ்வளவு நேராக வேண்டும்? கம்பி முனையில் அரை நூல் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. கியர் இல்லாத சைக்கிளின் அகலச் செயின் அதைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேலும் நேராக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தால் தகடு களைத்துப்போகும். அடுத்தடுத்து இரண்டு பற்கள் உடைந்திருந்தாலோ, பல்லின் அடியில் வெடிப்பு தெரிந்தாலோ பெண்டு எடுத்துப் பயனில்லை. புதிது வாங்குங்கள்.

கிராங்க்

கிராங்கில் கை வைக்கும் முன் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியக் கலப்பு. இப்போது வரும் நவீன சைக்கிள்களில் அலுமினியக் கிராங்க் நிறைய உண்டு. வளைந்த அலுமினியக் கிராங்கை நிமிர்த்தவே கூடாது. நிமிர்த்தும்போது நேராகிவிட்டது போல் தோன்றும்; உள்ளே வெடிப்பு தொடங்கியிருக்கும். ஒரு நாள் மிதிக்கும்போது அறிவிப்பில்லாமல் முறியும்.

இரும்புக் கிராங்க் நடுப்பகுதியில் லேசாக வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். அது சைக்கிளில் மாட்டியிருக்கும்போது நெம்ப வேண்டாம். அந்த நெம்பு முழுவதும் அச்சிலும் கப்பிலும் குண்டுகளிலும் போய் இறங்கும்; ஒன்றைச் சரி செய்யப்போய் மூன்று கெட்டுப்போகும். கழற்றி, பட்டறையில் உள்ள வைசில் துணி சுற்றிப் பிடித்து, நீளப் பைப்பைச் செருகி மெதுவாக இழுக்க வேண்டும். நேர் பார்க்க மற்ற கிராங்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவு பெடல் மாட்டும் துளையின் அருகிலோ, காட்டர் பின் போகும் கண்ணின் அருகிலோ இருந்தால் நிமிர்த்தாதீர்கள். பளு முழுவதும் அந்த இரண்டு இடத்தில்தான் நிற்கிறது.

காட்டர் பின்

கிராங்கைக் கழற்றும்போது நம்மவர்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான். நட்டை முழுவதும் எடுத்துவிட்டுப் பின்னின் மரையில் அடித்தால் மரை நசுங்கும். நட்டின் மேல்முகமும் பின்னின் முனையும் சமமாக வரும்வரை மட்டும் நட்டைத் தளர்த்துங்கள். கிராங்கின் கண்ணுக்கு நேர்கீழே துண்டு பைப்பை முட்டுக்கொடுத்து, பின்னின் தலை பைப்பின் வாய்க்குள் இறங்கும்படி வையுங்கள். பைப்பின் அடி தரையில் ஊன்றி நிற்க வேண்டும். பிறகு நேராக ஓர் உறுதியான அடி. தயங்கித் தயங்கிப் பத்து அடி அடிப்பதைவிட இது நல்லது. முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகக் கப்பில் பள்ளம் போடும்.

திரும்ப மாட்டும்போது புதுப் பின்னையே போடுங்கள். சில டீயின் விலைதான். பின்னின் சரிவான முகம் அச்சின் தட்டையான இடத்தில் முழுவதும் படிய வேண்டும். தேவைப்பட்டால் அரத்தால் லேசாக ராவிக்கொள்ளலாம். இரண்டு பின்னும் எதிரெதிராகப் போக வேண்டும். வலது கிராங்கை முன்பக்கம் நீட்டும்போது அதன் நட் மேலே இருந்தால், இடது கிராங்கை முன்பக்கம் நீட்டும்போது அதன் நட்டும் மேலேயே இருக்க வேண்டும். இப்படி இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது.

பின்னை இறுக்குவது சுத்தியல்; நட் அதைக் கழலாமல் காப்பதற்கு மட்டும்தான். நட்டைத் திருகிப் பின்னை இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துபோகும். மாட்டிய இரண்டாம் நாள் இன்னொரு தட்டுத் தட்டி நட்டை மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் "டக், டக்" என்ற சத்தம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதைச் செய்யாமல் விடுவதுதான்.

பெடலும் செயினும்

பெடல் அச்சு வளைந்தால் நிமிர்த்த வேண்டாம், பெடலை மாற்றுங்கள். கழற்றும்போது ஒன்றை மறக்கக்கூடாது. வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர் மரை. இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு. சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது ஸ்பேனரின் கைப்பிடி மேலே இருக்கும்படி மாட்டுங்கள். எந்தப் பெடலானாலும் கைப்பிடியை முன் சக்கரத்தின் பக்கம் இழுத்தால் இறுகும்; பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும். மாட்டும் முன் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையால் திருகிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

செயினில் பட்டை வளைந்த கண்ணியைத் தட்டி நேராக்கக்கூடாது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் அமைப்புதான் இன்றும் நம் சைக்கிளில் ஓடுகிறது. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அளவு நாடா வைத்துப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். தேய்ந்த செயினை விட்டுவைத்தால் அது பல்சக்கரத்தையும் பிரீவீலையும் தின்றுவிடும்.

திரும்ப மாட்டும்போது செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும். செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை முதல் முக்கால் அங்குலம் வரை ஆட்டம் இருக்க வேண்டும்.

பிரீவீலின் பற்கள் கடினமாக்கப்பட்டவை, வளையாது, உடையும். அதில் பெண்டு எடுக்க எதுவுமில்லை. மிதிக்காமல் உருளும்போது பிரீவீல் சற்று ஆடுவது இயல்புதான். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஏன் இரண்டாம் முறை கூடாது?

மூட்டை கட்டும் கட்டுக்கம்பியை நாம் எப்படி முறிக்கிறோம்? இரண்டு கையால் பிடித்து இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை வளைக்கிறோம். வளைத்த இடம் விறைத்துப்போய் வெட்டென்று முறிகிறது. கிராங்கும் அதே குணமுடையதுதான். வளைந்தது ஒரு தடவை, நிமிர்த்தியது இன்னொரு தடவை. மறுபடி வளைந்தால் கணக்கு முடிந்தது. அதை நிமிர்த்தாமல் பழைய இரும்புக்குப் போட வேண்டும்.

எங்கள் கடைவீதியில் ஒருவரின் கடையில் இப்படி இரண்டு முறை நிமிர்த்திய கிராங்க் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர் பின்னால் எண்ணெய் டின்களை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தார். கிராங்க் கண்ணருகே முறிந்தது. பின்னால் வந்த லாரி தள்ளி வந்ததால் உயிர் பிழைத்தார். முழங்கால் உடைந்து மூன்று மாதம் வேலைக்கு வரவில்லை. முதலாளி நல்லவர், வைத்தியச் செலவையும் சம்பளத்தையும் கொடுத்தார். அந்தத் தொகைக்கு அவர் புதுச் சைக்கிளே வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தம்பி இன்றும் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறார். அதற்கு ஈடு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த நாளில் எந்தப் பாகம் வளைந்தது, நிமிர்த்தினோமா மாற்றினோமா என்று எழுதி வையுங்கள். நினைவு மறந்தாலும் ஏடு மறக்காது.

வெடிப்பைக் கண்டறியும் முறை

நிமிர்த்திய இரும்புப் பாகத்தை மண்ணெண்ணெய் அல்லது டீசல் விட்டுத் துடைத்து, சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாக உலரத் துடையுங்கள். பிறகு அதன்மேல் சாக்பீசைத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் சற்று நேரத்தில் கசிந்து வெள்ளையின் மேல் கருங்கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தப் பாகத்தைக் கழித்துவிடுங்கள்.

வெடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, முதலில் பளு இல்லாமல் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பாதிப் பளு. அதன் பிறகே முழுப் பளு. முதல் சுற்றை முதலாளியே ஓட்டினால் இன்னும் நல்லது. ஊழியர் சொல்லும் குறை என்னவென்று நம் காலுக்கே தெரியும்.

வருமுன் காத்தல்

1. சமதளத்தில் ஸ்டாண்டு போட்ட பிறகே மூட்டையை ஏற்றுங்கள். ஒருவர் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொள்ளட்டும்.

2. பளுவை இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள்.

3. சுவரில் சாய்க்கும்போது பெடலைச் சுவரில் முட்டுக்கொடுக்காதீர்கள்.

4. வண்டியில் ஏற்றினால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். அதன்மேல் எதையும் அடுக்க வேண்டாம்.

5. வாரம் ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். துடைக்கும்போது பெடலை யாரும் சுற்றக்கூடாது. செயினுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் போனால் மீளாது. கடையில் சிறுவர்கள் விளையாடினால் கூடுதல் கவனம் வேண்டும்.

வாரக் கணக்கு முடிக்கும் இரவில், கடை சாத்துவதற்கு முன் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குங்கள். கிராங்கை ஆட்டிப் பாருங்கள், செயினை அசைத்துப் பாருங்கள், காட்டர் நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: இரும்புப் பல்சக்கரம் நிமிர்த்தலாம். இரும்புக் கிராங்க், நடுவில் லேசாக வளைந்திருந்தால், ஒரே ஒரு முறை நிமிர்த்தலாம். அச்சு, பெடல், செயின் கண்ணி, அலுமினியம் ஆகியவற்றை மாற்ற வேண்டும். நம் சரக்கைச் சுமந்துபோகும் பிள்ளை மாலையில் முழுசாக வீடு திரும்ப வேண்டும். சிக்கனம் என்பது அதற்குப் பிறகுதான்.